பணிக்கொடைன்னு பேரு வச்சது யாரு?

உங்க ஆஃபர் லெட்டரை ஒரு நிமிஷம் திறந்து பாருங்க. கடைசியில் மொத்தச் சம்பளம்னு தடித்த எழுத்தில் இருக்கிற எண்ணை விட்டுடுங்க, அது எல்லாருக்கும் மனப்பாடம். அதுக்கு மேலே நாலஞ்சு வரி இருக்கும்: பேசிக், வீட்டு அலவன்ஸ், போக்குவரத்து அலவன்ஸ், அப்புறம் யாருக்குமே அர்த்தம் தெரியாத 'இதர அலவன்ஸ்'. அந்த பேசிக் எவ்வளவுன்னு பார்க்காமலே உங்களால சொல்ல முடியுதா?

இந்த வார எபிசோடுக்காக என் டீமில் ஏழு பேரைக் கேட்டேன். எல்லாருமே கோடு எழுதுறவங்க, கிளவுட் பில்லில் ஒரு சென்ட் கூடினால் கண்டுபிடிக்கிறவங்க. இரண்டே பேருக்குத்தான் பதில் தெரிந்தது. அந்த இரண்டு பேரும் ஏற்கெனவே ஒரு கம்பெனியை விட்டு வந்து செட்டில்மென்ட் வாங்கினவங்க.

ஐக்கிய அரபு அமீரகத்தில் நாம வேலையை விட்டுப் போகும்போது கையில் வருகிற பணம், அதாவது கிராஜுவிட்டி, அந்த ஒரு வரியை வைத்துத்தான் கணக்குப் போடப்படுகிறது. எபிசோடில் நேரம் போதாமல் விட்டுப்போன கணக்கையெல்லாம் இங்கே எழுதுகிறேன். கால்குலேட்டரைப் பக்கத்தில் வச்சுக்கோங்க.

முதலில் விதி. 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் தொழிலாளர் சட்டம், 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் கிராஜுவிட்டி உண்டு. முதல் ஐந்து வருடங்களுக்கு, வருடத்துக்கு 21 நாள் பேசிக் சம்பளம். அதுக்கு மேல ஒவ்வொரு வருடத்துக்கும் 30 நாள். மொத்தத் தொகை இரண்டு வருடச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. வேலை முடிந்த 14 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். கணக்குக்கு எடுப்பது நீங்க வாங்கின கடைசி பேசிக்.

இதுக்கு முன்னாடி இருந்த 1980-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கறாரானது. காலவரையற்ற ஒப்பந்தத்தில் இருந்துகொண்டு மூன்று வருடத்துக்குள் நீங்களாக ராஜினாமா செய்தால் மூன்றில் ஒரு பங்குதான். மூன்றிலிருந்து ஐந்து வருடத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு. நம்ம அப்பாக்கள் பிடிக்காத கம்பெனியில் 'அஞ்சு வருஷம் முடியட்டும்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததற்கு இது ஒரு முக்கியமான காரணம். புதுச் சட்டம் அந்த வெட்டை எடுத்துவிட்டது. இது பெரிய மாற்றம், அதற்குரிய பாராட்டு அதற்கு உண்டு.

இப்போ கணக்கு. மொத்தச் சம்பளம் 15,000 திர்ஹம். அதில் பேசிக் 6,000. பத்து வருடம் ஒரே கம்பெனி, பேசிக் ஏறவே இல்லை. முதல் ஐந்து வருடத்துக்கு 105 நாள், அடுத்த ஐந்துக்கு 150 நாள், ஆக 255 நாள். ஒரு நாள் பேசிக் 200 திர்ஹம். 255-ஐ 200-ஆல் பெருக்கினால் 51,000. அதே ஆளுக்கு, அதே 15,000 சம்பளத்தில், பேசிக் 9,000 என்று எழுதியிருந்தால் 76,500. மாதா மாதம் வங்கிக்கு வருவதில் ஒரு ஃபில்ஸ்கூட வித்தியாசம் இல்லை. ஒரு எக்செல் கட்டத்தில் எந்த எண்ணை எங்கே போட்டார்கள் என்பதில் 25,500 திர்ஹம் போகிறது.

அதனால்தான் சில கம்பெனிகளில் பேசிக் மொத்தத்தில் 40 சதவீதம், 35 சதவீதம் என்று இறங்கிக்கொண்டே போகிறது. இது சட்டத்துக்குப் புறம்பானது இல்லை. அமீரகத்தின் பொதுச் சட்டத்தில், பேசிக் மொத்தத்தில் இத்தனை சதவீதமாவது இருக்க வேண்டும் என்று ஒரு தரை கிடையாது. ஆனால் அதே துபாய்க்குள், ஷேக் சாயித் சாலைக்குப் பக்கத்தில், டி.ஐ.எஃப்.சி. என்கிற நிதி மையத்துக்குத் தனிச் சட்டம். அங்கே பேசிக் ஆண்டுச் சம்பளத்தில் 50 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஒரே மெட்ரோவில் வந்து ஒரே ஸ்டேஷனில் இறங்குகிற இரண்டு பேர், சாலைக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். இரண்டு பேருக்கும் இரண்டு விதமான ஓய்வுக்காலம்.

இந்தியாவிலும் இதே சண்டைதான் நடந்தது. பி.எஃப். கட்டுவதைக் குறைப்பதற்காகச் சம்பளத்தை அலவன்ஸ் அலவன்ஸாகப் பிரிப்பது அங்கே பழைய வித்தை. எல்லாருக்கும் பொதுவாகக் கொடுக்கிற அலவன்ஸை பேசிக்கோடு சேர்த்துத்தான் பி.எஃப். கணக்கிட வேண்டும் என்று 2019 பிப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் இன்னும் நேரடியாகப் போகின்றன: அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டின பகுதி கூலியாகவே கருதப்படும். எக்செல் விளையாட்டுக்கு ஒரே வரியில் முடிவு.

சவூதியில் வேறு கதை. அங்கே முதல் ஐந்து வருடத்துக்கு அரை மாதம், அதுக்கு அப்புறம் ஒரு மாதம். மேலோட்டமாகப் பார்த்தால் அமீரகத்தின் 21 நாளைவிடக் குறைவு. ஆனால் அங்கே அடிப்படை, கடைசியாக வாங்கின கூலி, வழக்கமான அலவன்ஸ்களையும் சேர்த்து. அதே 15,000, இந்த முறை ரியாலில், பத்து வருடம்: முதல் ஐந்துக்கு 37,500, அடுத்த ஐந்துக்கு 75,000, ஆக 1,12,500. திர்ஹமும் ரியாலும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பு. 51,000 எங்கே, இது எங்கே! ஆனால் அங்கே சீக்கிரம் ராஜினாமா செய்தால் வெட்டு விழும்: இரண்டு வருடத்திலிருந்து ஐந்து வரை மூன்றில் ஒரு பங்கு, ஐந்திலிருந்து பத்து வரை மூன்றில் இரண்டு பங்கு. 'எத்தனை நாள்' என்கிற எண்ணைப் பார்த்து நாடுகளை ஒப்பிடாதீங்க, 'எதன் மேல்' என்று பாருங்க.

இப்போ நம்ம ஜாதிக்கு வருவோம், ஐ.டி. கான்ட்ராக்டர் ஜாதிக்கு. நம்ம பேட்ஜில் ஒரு வங்கியின் பேரோ விமான நிறுவனத்தின் பேரோ இருக்கும். விசாவில் இருப்பது ஒரு ஆள் அனுப்பும் கம்பெனியின் பேர். புராஜெக்ட் முடிந்தால் விசா கேன்சல், அடுத்த கம்பெனி, அடுத்த விசா. உட்காருகிற நாற்காலி சில சமயம் மாறுவதே இல்லை, சம்பளம் கொடுக்கிறவர் மட்டும் மாறுவார்.

இதில் கிராஜுவிட்டிக்கு என்ன ஆகுதுன்னு பாருங்க. பேசிக் 6,000-இல் தொடங்கி வருடம் 8 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தாவது வருடத்தில் ஏறக்குறைய 12,000. ஒரே கம்பெனியில் இருந்தால், கடைசி பேசிக் ஒரு நாளைக்கு 400, அதை 255-ஆல் பெருக்கினால் 1,02,000 திர்ஹம். அதே ஆள், அதே சம்பள ஏற்றம், ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒரு கம்பெனி என்று ஐந்து கம்பெனி மாறுகிறார். ஒவ்வொரு தடவையும் 42 நாள்தான், அதுவும் அந்தந்த நேரத்து பேசிக்கில். ஐந்து செட்டில்மென்டையும் கூட்டினால் சுமார் 63,000. ஒவ்வொரு கேன்சலும் கவுன்டரை பூஜ்யத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. 30 நாள் விகிதத்தை இவர் கண்ணாலேயே பார்க்கப்போவதில்லை. 39,000 திர்ஹம் காற்றில் போச்சு.

'கம்பெனி மாறினாத்தானே சம்பளம் ஏறும்' என்று நீங்க கேட்பது சரிதான். மாறும்போது 20 சதவீதம் ஏற்றிக் கேட்டு வாங்குகிறவருக்கு இந்த நஷ்டம் ஒண்ணுமே இல்லை. ஆனால் நம்மில் பலர் கேட்டு மாறுவதில்லை, புராஜெக்ட் முடிந்ததால் மாற்றப்படுகிறோம். ஒரு வருடத்துக்கு ஒரு மாதம் குறைச்சலாக, 11 மாத ஒப்பந்தம் கொடுத்தால் கிராஜுவிட்டியே இல்லை என்பதையும் சேர்த்துக்கோங்க. அப்படி ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்ட நண்பர் ஒருத்தரிடம் கம்பெனிக்காரர் 'இது ஸ்டாண்டர்ட் டெம்ப்ளேட்' என்றாராம். டெம்ப்ளேட்டை யார் எழுதினாங்கன்னு அவர் கேட்கலை. ஃப்ரீலான்ஸ் விசாவில் இருக்கிறவங்களுக்கு இந்தப் பேச்சே கிடையாது. அவங்களுக்கு முதலாளியும் அவங்களே, கிராஜுவிட்டியும் அவங்களே போட்டுக்க வேண்டியதுதான்.

இதுவரைக்கும் எவ்வளவு வரும் என்று பார்த்தோம். வருமா என்பது இன்னொரு கேள்வி.

கிராஜுவிட்டிக்காக உங்க பேரில் எங்கேயும் ஒரு கணக்கு இல்லை. கம்பெனியின் வரவு செலவு அறிக்கையில் 'பணியாளர்களுக்குக் கொடுக்க வேண்டியது' என்று ஒரு எண் இருக்கும். அந்த எண்ணுக்கு ஈடாகப் பணத்தைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. அந்தப் பணம் கம்பெனியின் அன்றாடச் செலவில் ஓடிக்கொண்டிருக்கும். நம்ம பாஷையில் சொன்னால் இது டெக்னிக்கல் டெட். புராஜெக்ட் நன்றாக ஓடும்வரை யாரும் அதைத் தொடுவதில்லை; சர்வர் படுத்த அன்றைக்குத்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும்.

படுத்த சர்வர்களும் உண்டு. சவூதி ஓஜர், ரஃபீக் ஹரீரி குடும்பத்தின் கட்டுமான நிறுவனம், 2017 ஜூலை கடைசியில் கதவை மூடியது. அதற்கு ஒரு வருடம் முன்பே, 2016 ஆகஸ்டில், ஜித்தாவில் சம்பளமில்லாமல் முகாம்களில் சிக்கியிருந்த ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்களுக்குத் தூதரகம் சாப்பாடு கொடுக்க வேண்டிய நிலை. வெளியுறவு இணையமைச்சர் வி.கே.சிங் நேரில் போனார். பல மாதச் சம்பளமே நின்றுபோன இடத்தில், பல வருட சர்வீஸ் பணத்தைப் பற்றி என்ன பேச? இங்கே துபாயில், புர்ஜ் கலீஃபாவைக் கட்டினவர்களில் ஒன்றான அரப்டெக், 2020 செப்டம்பரில் பங்குதாரர்களின் ஓட்டெடுப்போடு கலைப்புக்குப் போனது. உலகத்தின் மிக உயரமான கட்டடம் பயோடேட்டாவில் இருந்தாலும் கம்பெனி போகும்.

அமீரக அரசு இதைக் கவனிக்காமல் இல்லை. 2009-இல் சம்பளப் பாதுகாப்பு முறை வந்தது. சம்பளம் வங்கி வழியாகப் போனதா என்று அமைச்சகம் பார்க்கிறது. அதற்கு முன்பெல்லாம் ஒரு தொழிலாளிக்கு 3,000 திர்ஹம் வங்கி உத்தரவாதம் கம்பெனி வைக்க வேண்டியிருந்தது. 2018-இல் அதுக்குப் பதிலாக ஒரு காப்பீடு கொண்டுவந்தார்கள். கம்பெனி நொடித்துப்போனால் சம்பள பாக்கி, கிராஜுவிட்டி, ஊருக்குப் போகிற டிக்கெட் எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு 20,000 திர்ஹம் வரை. சாப்பாட்டுக்கே திண்டாடுகிற தொழிலாளிக்கு இது உயிர் காக்கிற தொகை. பத்து வருடம் சேர்ந்த 51,000-க்கு இது போதாது.

இடையில் ஒரு விஷயம். வேலை இழப்புக் காப்பீடு என்று மாதம் 5 திர்ஹமோ 10 திர்ஹமோ கட்டுகிறோமே, அதையும் கிராஜுவிட்டியையும் குழப்பிக்காதீங்க. அது 2023 ஜனவரியில் வந்த தனித் திட்டம். வேலை போனால் பேசிக்கில் 60 சதவீதம், அதிகபட்சம் மூன்று மாதம், அதுவும் 12 மாதம் தொடர்ந்து கட்டியிருந்தால், நீங்களாக ராஜினாமா செய்யாமல் இருந்தால். கவனிச்சீங்களா, இங்கேயும் பேசிக்தான். ஒரு தடவை சின்னதாக எழுதின எண் உங்களை எல்லா இடத்திலும் துரத்தும்.

சரி, பணத்தைத் தனியாக எடுத்து வைத்தால் என்ன? அதைத்தான் டி.ஐ.எஃப்.சி. 2020 பிப்ரவரியில் செய்தது. டியூஸ் என்று பேர். கம்பெனி மாதா மாதம் உங்க பேசிக்கில் 5.83 சதவீதத்தை, ஐந்து வருடம் ஆனவர்களுக்கு 8.33 சதவீதத்தை, வெளியே ஒரு நிதியில் கட்ட வேண்டும். இந்த எண்கள் வானத்திலிருந்து விழவில்லை: 21-ஐ 360-ஆல் வகுத்தால் 5.83 சதவீதம், 30-ஐ வகுத்தால் 8.33. பழைய கிராஜுவிட்டியையே மாதத் தவணையாக மாற்றியிருக்கிறார்கள். 2022-இல் துபாய் அரசில் வேலை பார்க்கும் வெளிநாட்டவருக்கும் இதே போன்ற திட்டம் வந்தது. 2023-இல் அமைச்சரவையின் 96-ஆம் எண் தீர்மானம் இதை நாடு முழுவதும் தனியார் துறைக்குத் திறந்துவிட்டது. அதே சதவீதங்கள்தான், ஆனால் விருப்பப்பட்டால் மட்டும். விருப்பம் முதலாளியுடையது.

பஹ்ரைன் இன்னும் ஒரு படி மேலே போய் 2024 மார்ச்சிலிருந்து கட்டாயமாக்கிவிட்டது. கம்பெனி மாதம் 4.2 சதவீதம், மூன்று வருடத்துக்கு மேல் ஆனவர்களுக்கு 8.4 சதவீதம், சமூகக் காப்பீட்டு நிறுவனத்தில் கட்ட வேண்டும். வேலை முடிந்ததும் நீங்க கம்பெனியிடம் கெஞ்ச வேண்டாம், அரசு நிறுவனத்திடம் போய் வாங்கிக்கலாம்.

நிதியில் போட்டால் நமக்கு லாபமா? இங்கேதான் பெரும்பாலான யூடியூப் விளக்கங்கள் ஒரு பக்கத்தை மட்டும் சொல்கின்றன. இரண்டு கேஸையும் ஓட்டிப் பார்ப்போம்.

பேசிக் 6,000-இலேயே பத்து வருடம் நிற்கிற ஆள். கிராஜுவிட்டி 51,000. அதே பணம் வருடா வருடம் நிதியில் போய், 4 சதவீதம் வளர்ந்தால், கட்டணங்களைக் கழிக்காமல் சுமார் 60,000. நிதி ஜெயிக்கிறது. இப்போ பேசிக் 8 சதவீதம் ஏறுகிற ஆள், ஒரே கம்பெனி. கிராஜுவிட்டி 1,02,000. நிதியில் அதே 4 சதவீதத்தில் சுமார் 88,000. கிராஜுவிட்டி ஜெயிக்கிறது. ஏன் என்றால் கிராஜுவிட்டி கடைசி பேசிக்கை எடுத்து, நீங்க 6,000 வாங்கின முதல் வருடத்துக்கும் சேர்த்துப் பெருக்குகிறது. நிதியோ அந்தந்த வருடத்து பேசிக்கில் கட்டினதோடு சரி. சம்பள ஏற்றம் நிதியின் வளர்ச்சியைவிட வேகமாக இருந்தால் பழைய முறை நல்லது. மெதுவாக இருந்தால் புதிய முறை நல்லது.

யார் எந்தப் பக்கம்? மேலே ஏறிக்கொண்டே இருக்கிற மேனேஜர் முதல் பக்கம். பத்து வருடமாக அதே சம்பளத்தில் இருக்கிற சேல்ஸ்மேன், டிரைவர், ஆபீஸ் அசிஸ்டென்ட், இரண்டாம் பக்கம். அடிக்கடி கம்பெனி மாறுகிற நாமும் இரண்டாம் பக்கம்தான், ஏனென்றால் நிதியில் கட்டினது கம்பெனி மாறினாலும் நம்ம பேரில் வளர்ந்துகொண்டிருக்கும். அதுவும் கம்பெனி படுத்தாலும் நிதி படுக்காது என்பதைக் கணக்கில் எடுத்தால், 14,000 திர்ஹம் வித்தியாசத்தைப் பாதுகாப்புக்கான விலையாக நினைத்துக்கொள்ள நான் தயார். என் வோட்டு நிதிக்கு, கட்டாயமாக, எல்லாருக்கும்.

ஆனால் ஒரு பொறி இருக்கு. கம்பெனி பழைய முறையிலிருந்து 2023 திட்டத்துக்கு மாறும்போது, நீங்க ஏற்கெனவே பார்த்த வருடங்களுக்கான கிராஜுவிட்டி, மாறுகிற தேதியில் இருக்கும் பேசிக்கில் உறைந்துவிடும். பத்து வருடம் ஆன ஒருத்தர், அன்றைக்கு பேசிக் 8,000 என்றால், 68,000-இல் நிற்கும். அவர் பிறகு 12,000 பேசிக்குக்குப் போனாலும் அந்தப் பத்து வருடம் 1,02,000 ஆகாது. 34,000 வித்தியாசம். உங்க கம்பெனி 'நாங்கள் நவீன சேமிப்புத் திட்டத்துக்கு மாறுகிறோம்' என்று அழகான பி.டி.எஃப். அனுப்பினால், உங்க பதவி உயர்வு எந்த மாதம், மாறுகிற தேதி எந்த மாதம் என்று முதலில் பாருங்க. மாறுவதற்கு முன் பேசிக்கை ஏற்றிக் கேட்பதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது.

நிதி என்றாலே பத்திரம் என்றும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. அங்கே தொழிலாளி 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம் என்று ஊழியர் சேமலாப நிதியில் போகிறது. அதன் பெரும்பகுதி அரசுப் பத்திரங்களில். 2022-இல் அரசு கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் நின்றது, 2023-இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று அந்த நிதியின் பத்திரங்களும் மாற்றப்பட்டன. எங்கே முதலீடு, யார் பொறுப்பு, கட்டணம் எவ்வளவு என்பதைக் கேட்காமல் கையெழுத்து போடக் கூடாது.

எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையாக வைக்கணும். கட்டாயமாக்கினால் சின்னக் கம்பெனிகளின் பணப்புழக்கம் இறுகும். சம்பளத்தைக் குறைப்பார்கள், அல்லது ஆளைக் குறைப்பார்கள். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. சிலி நாட்டில் 1981-இல் முதலாளிகள் கட்டும் சம்பள வரியை வெட்டியபோது, மிச்சமான பணம் பெரும்பாலும் சம்பள உயர்வாகத் தொழிலாளிகளுக்கே போனது என்று ஜோனதன் கிரூபர் என்ற பொருளாதார ஆய்வாளர் காட்டினார். தலைகீழாகப் படித்தால், முதலாளி மேல் போடுகிற சுமை கடைசியில் தொழிலாளியின் சம்பளத்தில்தான் இறங்கும். சரி, ஒத்துக்கிறேன். ஆனால் அப்படியென்றால் கிராஜுவிட்டியும் இன்றைக்கே நம்ம சம்பளத்திலிருந்துதானே போகிறது? அந்தச் செலவைக் கணக்குப் போட்டுத்தானே 15,000 என்று ஆஃபர் கொடுக்கிறார்கள்? நம்ம பணம்தான் என்றால், அதை நம்ம பேரில் வைப்பதில் என்ன ஆட்சேபம்?

எனக்கு இந்த விவாதத்தில் உறுத்துவது வார்த்தைகள். சட்டத்தின் அரபு மூலத்தில் இதற்குப் பேர் 'முகாஃபஆ', அதாவது வெகுமதி. ஆங்கிலத்தில் கிராஜுவிட்டி, ஹோட்டலில் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வருகிறோமே, அதே சொல். தமிழ்நாட்டு அரசாணைகளில் பணிக்கொடை. மூன்று மொழியும் சேர்ந்து இதை யாரோ மனசிரங்கிக் கொடுக்கிற மாதிரியே சொல்கின்றன. ஓய்வூதியம் முதலாளியின் தயவு அல்ல, செய்த வேலைக்கான உரிமை என்று 1982-இல் நகாரா வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. செட்டில்மென்ட் கவரை வாங்கும்போது நம்ம ஆட்கள் 'ரொம்ப நன்றி சார்' என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சம்பளத்துக்கு யாராவது நன்றி சொல்றாங்களா?

இங்கே பிறந்து வளர்ந்த உங்களுக்கு இது ஏன் கூடுதலாக முக்கியம் என்றால், இந்த முறை உங்களை நினைத்து எழுதப்பட்டது அல்ல. வருகிறவர் வருவார், உழைப்பார், போவார். போகும்போது வழிச்செலவுக்கு ஒரு தொகை. கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் நெல்லையிலிருந்தும் வந்து தேராவில் பெட்ஸ்பேஸில் படுத்து எழுந்தவர்களுக்கு அது பொருந்தியது. பணம் ஊருக்குப் போய் ரூபாயானது. 2010-இல் ஒரு திர்ஹம் சுமார் 12 ரூபாய். இப்போது 22-ஐத் தாண்டிவிட்டது. திர்ஹம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டு நிற்கிறது, ரூபாய் இறங்கிக்கொண்டே இருக்கிறது. சம்பளம் ஏறாவிட்டாலும் ஊரில் அதன் மதிப்பு ஏறின மாதிரி இருந்தது. அக்கா கல்யாணம், மாடி வீடு, உங்க காலேஜ் ஃபீஸ் எல்லாம் அந்த எக்ஸ்சேஞ்ச் ரேட் கட்டினதுதான்.

உங்க செலவு திர்ஹமில். உங்க வாடகை திர்ஹமில். நாளைக்கு உங்க பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸும் திர்ஹமில். ரூபாய் விழுவதால் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. 55 வயதுக்கு மேல் ரிடையர்மென்ட் விசா இருக்கிறதுதான், ஆனால் அதற்குக் கேட்கிற சேமிப்போ சொத்தோ லட்சக்கணக்கான திர்ஹம். அதோடு அந்த 51,000-ஐ வைத்துப் பாருங்க. குடிமக்களுக்கு வேறு ஏற்பாடு: 2023 அக்டோபர் இறுதிக்குப் பின் முதல் தடவையாக ஓய்வூதியத் திட்டத்தில் சேர்கிற எமிராத்திகளுக்கு, தொழிலாளி 11 சதவீதம், முதலாளி 15 சதவீதம். அது அவர்களுடைய நாடு, அவர்களுடைய திட்டம், அதில் நமக்குப் பொறாமை வேண்டாம். ஒரு மனிதன் முதுமையைக் கழிக்க எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பதற்கு இதே மண்ணில் இருக்கிற ஒரு அளவுகோலாக மட்டும் அதைப் பாருங்க. ஆஸ்திரேலியா 1992-இல் 3 சதவீதத்தில் தொடங்கின கட்டாய ஓய்வுச் சேமிப்பு 2025 ஜூலையில் 12 சதவீதத்துக்கு வந்திருக்கிறது. நம்ம 5.83 சதவீதம், அதுவும் பேசிக்கில், மொத்தச் சம்பளத்தில் கணக்கிட்டால் சுமார் 2.3 சதவீதம். மீதியை நீங்களேதான் சேர்க்கணும், வேறு யாரும் வரமாட்டாங்க.

அடுத்து கவனிக்க வேண்டிய நாடு ஓமான். 2023-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில், வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு பேசிக்கில் 9 சதவீதம் முதலாளி கட்டுகிற சேமிப்புத் திட்டம் எழுதப்பட்டிருக்கிறது. நடைமுறைத் தேதி தள்ளிப்போய் இப்போது 2027 ஜூலை. மஸ்கட்டில் இருக்கிறவங்க காலண்டரில் குறிச்சு வச்சுக்கோங்க.

அடுத்த எபிசோடில் இந்தக் கணக்கையெல்லாம் ஒரு சின்ன ஸ்கிரிப்டாக எழுதி, நேரலையில் ஓட்டிக் காட்டலாம்னு இருக்கோம். அதுக்கு உங்க எண்கள் வேணும். பேரு, கம்பெனி பேரு எதுவும் வேண்டாம். எந்த நாடு, மெயின்லேண்டா ஃப்ரீ சோனா, என்ன வேலை, மொத்தத்தில் பேசிக் எத்தனை சதவீதம், பத்து வருடத்தில் எத்தனை விசா. இந்த ஐந்தை மட்டும் இந்த மடலுக்குப் பதிலாக அனுப்புங்க. அப்பா அம்மாவோட பழைய செட்டில்மென்ட் பேப்பர் வீட்டில் எங்கேயாவது ஃபைலில் இருந்தால், அதையும் பார்த்துட்டு அனுப்புங்க. 1990-களின் பேசிக் சதவீதத்தை இன்றைக்கு உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை.